கோடிங்கைக் கருவி எழுதும்... காரணத்தை யார் எழுதுவது?

ஆரோவில்லை ஒட்டிய செம்மண் மேட்டில் இருக்கிறது இடையஞ்சாவடி. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் மரக்காணம் உப்பளங்கள் வந்துவிடும். முந்திரியும் பனையும் சூழ்ந்த இந்த ஊரில் ‘உதவி பள்ளி’ இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அங்கே இயங்கும் ‘ஸ்டெம் லேண்ட்’ கூடத்தில் பிள்ளைகள் ஸ்கிராட்ச் மென்பொருளில் புரோகிராம் எழுதுகிறார்கள். ஜியோஜீப்ராவில் கணக்கை வரைந்து பார்க்கிறார்கள். அந்தக் கூடத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. இந்த வாரம் என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பிள்ளையே திட்டமிட வேண்டும். எது முடிந்தது, எது முடியவில்லை என்று பிறகு அதே பிள்ளைதான் திரும்பிப் பார்க்க வேண்டும். தனியாகச் செய்யலாம், சேர்ந்தும் செய்யலாம். தடுமாறினால் கேட்கலாம்.

பள்ளிக்கூடத்துப் பழக்கம்தானே என்று இதைக் கடந்துபோய்விட முடியாது. சென்னையிலும் பெங்களூருவிலும் மென்பொருள் நிறுவனங்கள் இன்று தங்கள் ஊழியர்களிடம் கெஞ்சாத குறையாகக் கேட்பது இதைத்தான்: “என்ன செய்யப் போகிறாய், ஏன் செய்யப் போகிறாய் என்று முதலில் எழுது. பிறகு கருவியிடம் கொடு.”

கணினி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1980களிலேயே ஆரோவில்லில் ‘ஆரெலெக்’ என்ற நிறுவனம் கணினி தயாரித்தது. இந்தியாவில் பெரும்பாலானவர்கள் கணினியைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த காலம் அது. அப்போது கணினி அபூர்வம், அதில் புரோகிராம் எழுதத் தெரிந்தவர் அதைவிட அபூர்வம். இன்று நிலைமை தலைகீழ். 2021 ஜூனில் ‘கிட்ஹப் கோபைலட்’ முன்னோட்டமாக வந்தது. புரோகிராமர் அரை வரி அடித்தால் மீதியை அது அடித்துக் கொடுத்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி. 2025 பிப்ரவரியில் ‘க்ளாட் கோட்’. அதற்குள் ‘கர்சர்’ போன்ற எடிட்டர்களும் பரவிவிட்டன. இந்தப் புதிய கருவிகள் வரியை முடித்துக் கொடுப்பதோடு நிற்பதில்லை. கோப்புகளைத் தாமே திறந்து படிக்கும், மாற்றும், ஓட்டிப் பார்க்கும், பிழை வந்தால் மறுபடி திருத்தும். அதே 2025 பிப்ரவரியில்தான் ஏஐ ஆய்வாளர் ஆந்த்ரே கார்பத்தி ‘வைப் கோடிங்’ என்ற பெயரை உலவவிட்டார். புரோகிராமைப் படித்தே பார்க்காமல், வேண்டியதைப் பேச்சுவழக்கில் சொல்லிச் சொல்லியே மென்பொருள் செய்துகொள்ளும் முறை. ஒரு வார இறுதி விளையாட்டுக்கு அது சரி. பத்தாயிரம் பேர் பணத்தைக் கையாளும் ஒரு செயலிக்கு?

வேகம் என்ற நினைப்பு

இந்தக் கருவிகளால் வேலை எவ்வளவு வேகமாகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள். அளந்து பார்த்தவர்கள் குறைவு. அமெரிக்காவில் ‘மீட்டர்’ என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. அனுபவம் மிக்க 16 புரோகிராமர்கள். பல ஆண்டுகளாக அவர்களே வளர்த்துவந்த திறமூல மென்பொருள்களில் 246 வேலைகள். சிலவற்றுக்கு ஏஐ கருவியைப் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குக் கூடாது. எதற்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள்.

தொடங்கும் முன் அவர்கள் எதிர்பார்த்தது, வேலை 24 சதவீதம் சீக்கிரம் முடியும் என்று. முடித்த பிறகும் 20 சதவீதம் சீக்கிரம் முடிந்ததாகவே நம்பினார்கள். கடிகாரம் காட்டியது வேறு. ஏஐ கையில் இருந்தபோது அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்திருந்தது.

இதை வைத்துக்கொண்டு “கருவியே வீண்” என்று முடிவுகட்டுவது தவறு. அது 2025 தொடக்கத்துக் கருவிகளை வைத்து, தங்கள் மென்பொருளின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தவர்களிடம் நடந்த சோதனை. அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன. புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவருக்கும் கணக்கு வேறாக வரும். ஆனால் ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றுதான் நம் விஷயத்தின் நடுநரம்பு. அந்த மென்பொருள்களைப் பற்றிய பெருமளவு அறிவு அவற்றை வளர்த்தவர்களின் தலைக்குள் இருந்தது, எங்கும் எழுதப்படவில்லை. கருவிக்கு அது தெரிய வழியே இல்லை. தெரியாததை ஊகித்து எழுதியது. ஊகத்தைச் சரிபார்க்கவும் திருத்தவும் மனிதருக்கு நேரம் போனது.

இதை 40 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நவுர், 1985இல் எழுதிய ஒரு கட்டுரையில். அவர் வாதத்தின் சாரம் இது: மென்பொருள் என்பது திரையில் தெரியும் வரிகள் மட்டுமில்லை, அதை உருவாக்கியவர்களின் மனத்தில் உள்ள புரிதல்தான் மென்பொருள். அந்தக் குழு கலைந்தால் வரிகள் இருக்கும், மென்பொருள் செத்துப்போகும். எவ்வளவு ஆவணம் எழுதினாலும் அந்தப் புரிதலை முழுக்க ஏட்டில் இறக்க முடியாது என்றும் அவர் கருதினார்.

கடைசியில் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் நவுர் காலத்தில் அறைக்குள் மனிதர்கள் மட்டும் இருந்தார்கள். எழுதாததைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். இன்று அறைக்குள் இன்னொன்றும் உட்கார்ந்திருக்கிறது. நேற்று மாலை மூன்று மணி நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்போம். இன்று காலை புதிய உரையாடலைத் திறந்தால், எங்காவது எழுதி வைக்காத வரையில் அதற்கு அதில் ஒரு சொல்லும் நினைவில்லை. மனிதருக்கு எழுதி வைப்பது நல்ல பழக்கம். இந்தக் கருவியோடு வேலை செய்பவருக்கு அதைத் தவிர வேறு வழியே இல்லை.

ஒரு உப்பளக் கணக்கு

எடுத்துக்காட்டோடு பார்த்தால் விளங்கும். மரக்காணம் உப்பளங்களுக்கு ஒரு கூலிக் கணக்குச் செயலி செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கருவியிடம் சொல்கிறோம்: “தொழிலாளர் பெயர், வேலை செய்த நாள், கூலி, வாங்கிய முன்பணம், நிலுவை. இவற்றைக் காட்டும் செயலி வேண்டும்.” அரை மணி நேரத்தில் தயார். பார்க்கவும் அழகாக இருக்கும்.

ஜனவரியிலிருந்து கோடை முடியும்வரை சிக்கல் தெரியாது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்ததே இந்தப் பட்டினி மாதங்களுக்காகத்தான். அந்த மாதங்களில் கூலி வரவு இல்லை. முன்பணம் மட்டும் ஏறும். நிலுவை மைனஸில் போகும்.

கருவி எங்கெங்கோ பார்த்துக் கற்ற சம்பளக் கணக்குகளில் மைனஸ் நிலுவை என்பது பெரும்பாலும் பிழை. எனவே “நிலுவை பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்கு” என்று ஒரு வரி தானாகச் சேர்ந்துவிடலாம். சோதனைகள் எல்லாம் பச்சை விளக்கு காட்டும். சோதனைகளை எழுதியதும் அதே கருவிதானே. தை மாதம் கணக்கு பார்க்கும்போது நாற்பது குடும்பங்களின் முன்பணம் ஏட்டிலிருந்தே காணாமல் போயிருக்கும். முதலாளி ஒன்று சொல்வார், தொழிலாளி ஒன்று சொல்வார். நடுவில் செயலி “நிலுவை: 0” என்று காட்டிக்கொண்டிருக்கும்.

இந்த விபத்தைத் தடுக்கச் சில வரிகள் போதும். இப்படி:

“நிலுவை மைனஸில் போவது பிழையல்ல. அக்டோபர்–டிசம்பரில் வேலை இராது. தொழிலாளர்கள் முன்பணத்தில் வாழ்வார்கள். மைனஸ் தொகையை ஒருபோதும் பூஜ்யமாக்கக் கூடாது, மறைக்கக் கூடாது. முன்பணத்தைத் தானாகக் கழிக்கும் வசதி வேண்டுமா என்று யோசித்தோம். வேண்டாம் என்று விட்டோம், ஏனென்றால் எவ்வளவு கழிப்பது என்பதை இருதரப்பும் சீசன் தொடக்கத்தில் பேசி முடிவு செய்கிறார்கள். திரையில் கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி, பெரிய அளவு. உப்பு வெயிலில் கண்ணைக் கூசும். சாம்பல் நிற எழுத்து தெரியாது.”

இதில் புரோகிராம் ஒன்றுமில்லை. உப்பளத்தின் வரப்பில் நின்று நாலு பேரிடம் பேசியவர்தான் இதை எழுத முடியும். இந்தச் சில வரிகள் இருந்தால், எந்தக் கருவியை மாற்றினாலும், எந்த ஊழியர் விலகிப் போனாலும், செயலியின் நியாயம் அங்கேயே இருக்கும். அதில் “யோசித்தோம், வேண்டாம் என்று விட்டோம்” என்ற பகுதிதான் பொன். செய்ததைப் புரோகிராமைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். செய்யாமல் விட்டதை எங்கே போய்ப் பார்ப்பது? அடுத்த மாதம் கருவி “தானியங்கிக் கழிப்பு சேர்க்கட்டுமா?” என்று கேட்கும். புதிதாகச் சேர்ந்தவர் “ஆகா, நல்ல யோசனை” என்பார்.

தமிழ்ப் பதிப்புலகுக்கு இந்த ஒழுங்கு நன்றாகவே தெரியும். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், சுவடிகளை ஒப்புநோக்கித் தமக்குச் சரியென்று பட்ட பாடத்தை மூலத்தில் வைத்தார். ஒதுக்கிய பாடங்களைத் தூக்கி எறியாமல் பிரதிபேதமாகப் பதிவு செய்தார். யாரிடமிருந்து சுவடி வந்தது என்பதையும் குறித்தார். பின்னால் வந்தவர்கள் அவருடைய முடிவை மறுபரிசீலனை செய்ய முடிந்தது அதனால்தான். மென்பொருள் உலகில் இதையே மைக்கேல் நைகார்டு என்பவர் 2011இல் ‘முடிவுப் பதிவு’ என்ற எளிய வடிவமாக்கினார்: சூழல் என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் என்ன விளைவு. ஒரு முடிவுக்கு ஒரு சிறு கோப்பு. அவ்வளவுதான்.

குறிப்பேடு எது?

எந்தச் செயலியில் எழுதுவது என்ற கேள்விக்கு இளைஞர்கள் செலவிடும் நேரத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நோஷனா, அப்சிடியனா என்று மணிக்கணக்கில் விவாதம். நம் ஊர்த் தயாரிப்பே ஒன்று இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ, 2016இல் ‘நோட்புக்’ செயலியை வெளியிட்டது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து, கிராமத்திலிருந்தும் உலகத்துக்குப் பொருள் செய்யலாம் என்று காட்டிய நிறுவனம் அது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: எழுதியதைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? நிறுவனங்கள் வரும், போகும். உங்கள் காரணங்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

நீங்கள் உருவாக்கும் செயலி சம்பந்தமான குறிப்புகளுக்குப் புரோகிராம் இருக்கும் அதே கோப்புறைதான் சரியான இடம் என்பது என் தீர்மானமான கருத்து. கோடிங் கருவிகள் இப்போது அந்தக் கோப்புறையில் ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’, ‘க்ளாட்.எம்டி’ போன்ற பெயருள்ள கோப்பைத் தேடிப் படித்துவிட்டே வேலையைத் தொடங்குகின்றன. அங்கே பொதுவான விதிகளைச் சுருக்கமாக வைக்கலாம். விரிவான முடிவுகள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கட்டும். வேண்டியபோது கருவி எடுத்துப் படித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திணித்தால், நூறு விதிகளுக்கு நடுவில் முக்கியமானது நழுவிப் போகும். கருவிக்கு மட்டுமல்ல, படிக்கும் மனிதருக்கும்தான்.

கூட்டங்களைத் தானாகப் பதிவுசெய்து சுருக்கம் தரும் ஏஐ வந்துவிட்டதே, பிறகென்ன கவலை என்கிறார்கள் சிலர். வரட்டும். யார் என்ன பேசினார் என்பதற்கு அது உதவும். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சில் பேசப்பட்டது முப்பது விஷயம் என்றால், முடிவானது இரண்டாக இருக்கும். முப்பதையும் ஒரே கனத்தில் அடுக்கித் தரும் சுருக்கம் நாலு வாரத்தில் யாரும் திறக்காத குப்பையாகிவிடும். முடிவெடுத்தவர் தன் கையால், தன் பெயரோடு, ஏன் என்று மூன்று வரி எழுத வேண்டும். அதை எந்தக் கருவிக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. எழுத உட்காரும்போதுதான், முடிவு என்று நினைத்தது இன்னும் முடிவாகவில்லை என்பதே தெரியவரும்.

எழுதினால் மட்டும் போதுமா? போதாது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின், ‘ரெப்லிட்’ நிறுவனத்தின் ஏஐ கருவியோடு ஒரு செயலி செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று கட்டளை இருந்தும், அது 1,200க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கட்டளை எழுத்தில் இருந்தது. கதவு திறந்தே இருந்தது. அழிக்கக் கூடாது என்று எழுதுவதோடு, அழிக்கும் அனுமதியையே கருவியிடமிருந்து எடுத்துவிட வேண்டும். சோதனைக்கு ஒரு தரவுத்தளம், மக்கள் பயன்படுத்துவதற்கு ஒரு தரவுத்தளம் என்று பிரித்து வைப்பதும் தினமும் நகல் எடுப்பதும் பழைய பாடங்கள். கருவி புதிது என்பதால் பாடம் மாறிவிடவில்லை.

அதேபோல, வாடிக்கையாளரின் பெயரும் செல்பேசி எண்ணும் வங்கிக் கணக்கும் குறிப்பேட்டுக்குள் வரவே கூடாது. கடவுச்சொல் வரவே கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. உப்பளத் தொழிலாளியின் கடன் கணக்கு அவருடைய மானம் சம்பந்தப்பட்டது. அது எங்கோ ஒரு சர்வரில் கருவியின் தீனியாகப் போய் விழுவதற்கு நாம் காரணமாகக் கூடாது.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம், எழுத வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்வரை இதில் உண்மையான ஒரு தடை இருந்தது. ஏஐ மாதிரிகள் எழுத்தை ‘டோக்கன்’ என்ற துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன. கட்டணமும் நினைவின் அளவும் அந்தத் துண்டுகளின் கணக்கில். பழைய மாதிரிகள் தமிழைத் தேவைக்கு மேல் நொறுக்கின. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது ஓப்பன்ஏஐ ஒரு ஒப்பீட்டைத் தந்தது. பழைய முறையில் 116 துண்டான ஒரு தமிழ் வாசகம், புதிய முறையில் 35 துண்டு. ஆங்கிலத்தில் அதே வாசகத்துக்கு 24. இன்னும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் தமிழில் எழுதுவதைக் கைவிட வைக்கும் அளவுக்கு இல்லை.

இதனால் கிடைக்கும் பலன் பெரியது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பொறியியல் பட்டதாரிக்கு உப்பளத்துக் கணக்கின் நுணுக்கத்தைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை. அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பாதி நுணுக்கம் வழியிலேயே உதிர்ந்துவிடும். தெரிந்த ஆங்கிலத்துக்கு ஏற்றபடி தேவையைச் சுருக்கிவிடுவார். தமிழில் எழுதினால், அதை உப்பளத்துக்காரரிடமே படித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்கலாம். தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையைக் கருவியே செய்யும்.

இந்தப் பட்டதாரிகளின் எதிர்காலத்தை நினைத்தால் கவலை வராமல் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்யோல்ஃப்சன் குழு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வைத்துப் பார்த்தது. ஏஐயின் தாக்கம் அதிகமுள்ள தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் சரிந்திருந்தது. அனுபவசாலிகளுக்கு அந்தச் சரிவு இல்லை. புதியவர்களுக்கு முதலில் தரப்படும் சில்லறை வேலைகளைத்தான் கருவி முதலில் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சில்லறை வேலையைச் செய்துதான் ஒருவர் அனுபவசாலி ஆனார் என்பதை நிறுவனங்கள் யோசிக்க வேண்டும்.

புதியவருக்கு நான் சொல்வேன்: கருவி எழுதித் தந்ததை வரிவரியாகப் படித்து, ஏன் இப்படி என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியாத இடத்தில் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். அங்கே நின்று கருவியைக் கேளுங்கள், புத்தகத்தைப் பாருங்கள், மூத்தவரைக் கேளுங்கள். ஓராண்டு இப்படிச் செய்தால் உங்கள் குறிப்பேடே நேர்காணலில் உங்களுக்காகப் பேசும். சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கிறது.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டில் ஓடும் மென்பொருளுக்கு மட்டும் மதிப்பெண் போடுவதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். அதை ஒரு மாலையில் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். மாணவர் யாரிடம் போய்ப் பேசினார், எந்த வழிகளை ஒதுக்கினார், ஏன் ஒதுக்கினார் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ தன் கையால் எழுதிய பதிவைக் கேளுங்கள். பாதி மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள். இடையஞ்சாவடியில் வாரத் திட்டத்தைத் தானே போட்டு, தானே சரிபார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் நாளை உங்கள் வகுப்புக்குத்தான் வரப்போகிறார்கள். அவர்கள் வருவதற்குள் உங்கள் மதிப்பெண் பட்டியலை மாற்றி வையுங்கள்.